வேலூரில் தியானம் பழகத் தொடங்குவோருக்கு: மருத்துவரில் தொடங்கி முகாமில் முடியும் வரிசை

மனப் பதற்றத்துக்கும் தூக்கமின்மைக்கும் துணையாகத் தியானம் பழகலாம் என்று முடிவெடுத்த பிறகு, எங்கே போவது, யாரைக் கேட்பது, எவ்வளவு செலவாகும் என்பதைத் தெரிந்துகொள்வதற்கே தியானத்துக்கு வேண்டியதைவிட அதிகப் பொறுமை எனக்குத் தேவைப்பட்டது. ஒருவர் ஏலகிரிக்குப் போய்த் தங்கச் சொன்னார். ஒருவர் கைப்பேசியில் செயலியை இறக்கச் சொன்னார். இன்னொருவர், மாத்திரையை நிறுத்திவிட்டு வந்தால்தான் பலன் தெரியும் என்றார். வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில் இருப்பவர்கள் இந்த அலைச்சல் இல்லாமல் தொடங்கட்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

எல்லாவற்றுக்கும் முன் வரிசையைச் சொல்லிவிடுகிறேன். நம் பக்கத்தில் பலரும் முதலில் பல நாள் முகாமுக்குப் போகிறார்கள். திரும்பி வந்து வீட்டில் பழகப் பார்க்கிறார்கள். அதுவும் பிடிபடாமல் போனால் கடைசியாக மருத்துவரிடம் போகிறார்கள். நீங்கள் இதைத் தலைகீழாகச் செய்யுங்கள். முதலில் மருத்துவர், அடுத்து வீட்டில் பத்து நிமிடம், பிறகு ஆசிரியர், கடைசியாக, விருப்பமும் உடல்நிலையும் இடம் கொடுத்தால் மட்டும், முகாம்.

1. உடலையும் மனத்தையும் ஒருமுறை பரிசோதித்துக்கொள்ளுங்கள்

படபடப்பு, தூக்கமின்மை, காரணமில்லாத அசதி ஆகியவற்றுக்கு எப்போதும் மனம்தான் காரணம் என்று சொல்ல முடியாது. தைராய்டு மிகைச் சுரப்பில் நெஞ்சு படபடக்கும். இரத்தசோகையில் சிறிது நடந்தாலே மூச்சு வாங்கும். வைட்டமின் பி12 குறைந்தால் சோர்வும் மறதியும் வரும். ஆகவே தைராய்டு, ஹீமோகுளோபின், சர்க்கரை, பி12 ஆகிய பரிசோதனைகள் உங்களுக்குத் தேவையா என்று மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். தைராய்டு கோளாறை வைத்துக்கொண்டு மூச்சைக் கவனித்துக்கொண்டிருப்பது வீண் வேலை.

மனச்சோர்வை அளக்க பிஹெச்க்யூ-9 என்ற ஒன்பது கேள்விகள் கொண்ட படிவம் உலகம் முழுவதும் பயன்படுகிறது, தமிழிலும் கிடைக்கிறது. கடந்த இரண்டு வாரங்களில் ஒவ்வொரு தொல்லையும் எத்தனை நாள் இருந்தது என்று அது கேட்கும். மொத்தம் 27 மதிப்பெண். 10 அல்லது அதற்கு மேல் வந்தால் மருத்துவரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடக் கூடாது. ஒன்பதாவது கேள்வி, சாக வேண்டும் அல்லது தன்னைக் காயப்படுத்திக்கொள்ள வேண்டும் என்ற எண்ணத்தைப் பற்றியது. அதற்கு ‘இல்லவே இல்லை’ என்பதைத் தவிர வேறு பதில் வந்தால், மொத்த மதிப்பெண் எவ்வளவாக இருந்தாலும், தியானத்தை ஒத்திவைத்துவிட்டு அன்றே உதவி தேடுங்கள். 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணை எந்த நேரத்திலும் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம். தமிழக அரசின் 104 மருத்துவ உதவி எண்ணும் உண்டு.

தியானத்தால் எவ்வளவு எதிர்பார்க்கலாம் என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். 47 சோதனைகளையும் 3,500க்கு மேற்பட்டோரையும் உள்ளடக்கி 2014இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, தியானப் பயிற்சியால் பதற்றமும் மனச்சோர்வும் ஓரளவு குறைகின்றன என்றுதான் கண்டது. மருந்தையோ உடற்பயிற்சியையோ விட அது மேலானது என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை. எனவே மாத்திரை சாப்பிடுபவர்கள் தியானத்தை மாத்திரையோடு சேர்த்துப் பழக வேண்டும். மனச்சோர்வு மாத்திரைகளைத் திடீரென நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல், தூக்கக் கேடு போன்றவை வரக்கூடும். குறைப்பதும் நிறுத்துவதும் எழுதிக்கொடுத்த மருத்துவர் சொல்லும் வேகத்தில்தான் நடக்க வேண்டும்.

2. எங்கே காட்டுவது, எதை எடுத்துப் போவது

செலவில்லாத வழி, திருவண்ணாமலை சாலையில் அடுக்கம்பாறையில் உள்ள அரசு வேலூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. மனநலப் பிரிவின் புறநோயாளிகள் சீட்டைக் காலையிலேயே போட்டுவிடுங்கள். பதினோரு மணிக்குப் போய் நின்றால் அன்றைய பொழுது அங்கேயே போய்விடும். வெள்ளைப் பலகை நகரப் பேருந்துகளில் மகளிருக்குக் கட்டணம் கிடையாது. அடுக்கம்பாறை தூரம் என்றால், மாவட்ட மனநலத் திட்ட மருத்துவர் உங்கள் வட்டத் தலைமை மருத்துவமனைக்கு எந்தக் கிழமை வருகிறார் என்று அங்குள்ள செவிலியரிடம் கேட்டுவைத்துக்கொள்ளுங்கள். கிழமை மாறுவது உண்டு என்பதால் கிளம்பும் முன் மறுபடி கேட்பது நல்லது.

சிஎம்சி எனப்படும் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: 1957 முதல் இயங்கும் அதன் மனநல மையம் பாகாயத்தில் இருக்கிறது, நகரத்துக்குள் இருக்கும் பெரிய மருத்துவமனையில் இல்லை. காட்பாடியிலிருந்து பாகாயம் போகும் நகரப் பேருந்தில் ஏறினால் போதும். பொதுப் பிரிவு, தனிப் பிரிவு என்று இரண்டு வகை முன்பதிவு உண்டு. தனிப் பிரிவுக்குக் கட்டணம் அதிகம். நாடு முழுவதிலிருந்தும் நோயாளிகள் வருவதால் உள்ளூர்க்காரர் என்பதற்காக உடனே இடம் கிடைத்துவிடாது; எனவே தேதியை முன்கூட்டியே வாங்கிவிடுங்கள்.

ஒரு பிளாஸ்டிக் கோப்பில் ஆதார் நகல், பழைய மருந்துச் சீட்டுகள், பரிசோதனை முடிவுகள், நிரப்பிய பிஹெச்க்யூ-9 தாள், இப்போது சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் பட்டியல் ஆகியவற்றை வையுங்கள். இரத்தக் கொதிப்பு மாத்திரையும் சித்த மருந்தும் அந்தப் பட்டியலில் இருக்க வேண்டும். கூட ஒருவரை அழைத்துப் போனால் நல்லது, ஏனென்றால் நீங்கள் இரவில் எத்தனை முறை எழுந்து நடக்கிறீர்கள் என்பது உங்களைவிட வீட்டிலிருப்பவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

மருத்துவரிடம் நேரடியாகக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: “நான் தியானம் பழகலாமா, எந்த வகையைத் தவிர்க்க வேண்டும்?” பைபோலார் கோளாறு, மனச்சிதைவு, வலிப்பு, பழைய வன்முறை அல்லது விபத்தின் தாக்கம் ஆகியவை இருந்தால் இந்தக் கேள்வியைக் கேட்காமல் எழுந்து வராதீர்கள்.

வெளியே தெரிந்துவிடுமோ என்ற அச்சத்தால் காட்டிக்கொள்ளாமல் இருப்பவர்களுக்கு: 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், சிகிச்சை விவரம் இரகசியமாகக் காக்கப்படும் உரிமையையும், உங்கள் மருத்துவப் பதிவுகளை நீங்கள் கேட்டுப் பெறும் உரிமையையும் தருகிறது. உடல்நோய்க்கு இணையாக மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்றும் அச்சட்டம் சொல்கிறது. ஆனால் பல காப்பீட்டுத் திட்டங்கள் மருத்துவமனையில் தங்கினால்தான் பணம் தரும். புறநோயாளிச் செலவும் தியான வகுப்புக் கட்டணமும் அதில் வராது என்று வைத்துக்கொண்டே திட்டமிடுங்கள்.

3. வீட்டில் இடமும் நேரமும்

இதற்கென்று எதையும் வாங்க வேண்டாம். முதுகு நிமிர்ந்து, இரண்டு பாதங்களும் தரையில் படும்படி உட்கார ஒரு நாற்காலி போதும். சம்மணமிட்டு உட்கார முடிந்தவர்கள் ஒரு கோரைப்பாயும், அதன்மேல் நான்காக மடித்த போர்வையும் போட்டுக்கொள்ளலாம். தியான மெத்தை, மணி, ஊதுவத்தித் தட்டு என்று ஒரு தொகுப்பாக விற்கிறார்கள். அந்தப் பணத்தில் அடுக்கம்பாறைக்குப் பலமுறை போய் வரலாம்.

நேரத்தைப் பொறுத்தவரை வேலூர் வெயிலோடு சண்டை போட முடியாது. சித்திரை, வைகாசியில் மொட்டை மாடியின் சிமெண்டுத் தளம் இரவு ஒன்பது மணிக்கும் கால் வைக்க முடியாதபடி சூடாக இருக்கும். ‘மாலைத் தென்றலில் மாடியில் தியானம்’ என்ற யோசனையை ஐப்பசிக்கு ஒத்திவையுங்கள். கோடையில் விடியற்காலை ஐந்து முதல் ஆறு வரைதான் உட்காரக்கூடிய நேரம். கோட்டைப் பூங்காவில் உட்கார நினைப்பவர்களும் நடைப்பயிற்சிக்காரர்கள் கூடுவதற்கு முன் போய்விட வேண்டும். அகழி ஓரம் கொசு அதிகம் என்பதால் முழுக்கைச் சட்டை தேவைப்படும்.

ஒலிபெருக்கி இல்லாத மாதம் நமக்கு இல்லை. ஆடியில் அம்மன் கோயில்கள், வைகாசியில் குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா, நெடுஞ்சாலையோரம் இருப்பவர்களுக்கு ஆண்டு முழுவதும் லாரி. அமைதி கிடைக்கட்டும் என்று காத்திருந்தால் தொடங்கவே மாட்டீர்கள். சத்தத்தையே கவனப் பொருளாக்கும் முறையை அடுத்த பகுதியில் சொல்கிறேன்.

இராணிப்பேட்டை, ஆம்பூர் தோல், காலணி ஆலைகளில் இரவுப் பணி பார்ப்பவர்கள் விடியற்காலை என்ற விதியைப் பிடித்துக்கொண்டு தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். தூங்கி எழுந்த பின் வரும் முதல் அரைமணி எதுவோ அதுவே உங்கள் விடியற்காலை. நோன்பு மாதத்தில் சஹர் உணவு முடித்து பஜ்ர் தொழுகைக்குப் பின் உட்காரலாம். மூச்சைக் கவனிப்பதற்கு மந்திரமோ படமோ தேவையில்லை என்பதால் எந்த மதத்தவரும் இதைத் தயக்கமின்றிப் பழகலாம். வயிறு நிறையச் சாப்பிட்டிருந்தால் இரண்டு மணி நேரம் விட்டு உட்காருங்கள்.

வீட்டில் ஒருமுறை சொல்லிவிடுவதும் ஏற்பாட்டில் சேர்ந்ததுதான். சொல்லாவிட்டால் இரண்டாம் நாளே, “இன்னாப்பா, குந்திக்கினே தூங்கறியா?” என்று அத்தை தோளைத் தட்டுவார். “பத்து நிமிஷம் என்னைக் கூப்பிடாதீங்க, போன் வந்தாலும் எடுக்காதீங்க” என்று முந்தைய இரவே சொல்லிவையுங்கள்.

4. முதல் இரண்டு வாரம் பத்து நிமிடம் மட்டும்

கைப்பேசியைப் பறக்கும் பயன்முறையில் போட்டு, பத்து நிமிடத்துக்கு மெல்லிய ஒலி வையுங்கள். வழக்கமான அலாரம் ஒலியை வைத்தால் தியானம் முடியும்போது நெஞ்சு தூக்கிப்போடும்.

உட்கார்ந்ததும் நான்கு எண்ணும் நேரம் மூச்சை இழுத்து, ஆறு எண்ணும் நேரம் விடுங்கள்; இப்படிச் சில முறை செய்தபின் எண்ணுவதை விட்டுவிட்டு மூச்சை அதன் போக்கில் விடுங்கள். மூக்கு நுனியிலோ வயிற்றிலோ, எங்கே மூச்சு தெளிவாகத் தெரிகிறதோ அங்கே கவனத்தை வையுங்கள். சிறிது நேரத்தில் மனம் கடன் தவணைக்கும் மகளின் பள்ளிக் கட்டணத்துக்கும் போய்விடும். போனது தெரிந்ததும் மறுபடி மூச்சுக்கு வாருங்கள். அவ்வளவுதான் பயிற்சி, மனம் போகாமல் இருப்பது இதன் நோக்கம் அன்று. பத்து நிமிடத்தில் நூறு முறை போய் நூறு முறை திரும்பினாலும் அன்றைய பயிற்சி ஒழுங்காக நடந்தது என்றே பொருள்.

பதற்றம் உள்ளவர்களுக்கு இங்கே ஒரு பொறி இருக்கிறது. மூச்சைக் கவனிக்கக் கவனிக்க மூச்சுத் திணறுவதுபோல் தோன்றி, படபடப்பு கூடும். பலரும் ‘எனக்குத் தியானம் ஒத்துக்கொள்ளவில்லை’ என்று விட்டுவிடுவது இந்த இடத்தில்தான். கண்ணைத் திறந்து, ஓரடி தூரத்தில் தரையைப் பார்த்தபடி, கவனத்தை உள்ளங்காலுக்கு மாற்றுங்கள்: தரையின் குளிர்ச்சி, பாயின் சொரசொரப்பு, குதிகாலில் இறங்கும் பாரம். அல்லது காதில் விழும் சத்தங்களைப் பெயரிடாமல் கேளுங்கள். குக்கர் விசிலும் காட்பாடிப் பக்கத்து இரயில் சத்தமும் வந்து போகட்டும். உட்காரவே முடியாதவர்கள் கூடத்திலேயே பத்தடி நீளத்தில் மெதுவாக நடந்து, கால் எழுவதையும் பதிவதையும் கவனிக்கலாம். இவையெல்லாம் மாற்று வழிகள். குறைந்த தரம் என்று எண்ணத் தேவையில்லை.

கபாலபாதி, பஸ்திரிகா போன்ற வேகமூச்சுப் பயிற்சிகளைக் காணொளி பார்த்துச் செய்யாதீர்கள். திடீர்ப் பீதி வருபவர்கள், கர்ப்பிணிகள், இரத்தக் கொதிப்போ வலிப்போ உள்ளவர்கள் ஆகியோருக்கு அவை தீங்காகக்கூடும். மூச்சை அடக்கி நிறுத்துவதும் தொடக்கத்தில் வேண்டாம்.

மூன்றாம் வாரத்திலிருந்து வாரத்துக்கு இரண்டு, மூன்று நிமிடம் கூட்டிக்கொண்டே போனால் எட்டாம் வாரம் முடிவதற்குள் இருபது நிமிடத்துக்கு வந்துவிடலாம். மருத்துவமனைகளில் பரவலாகப் பயன்படும் மனநிறைகவன (மைண்ட்ஃபுல்னெஸ்) பயிற்சித் திட்டங்களும் எட்டு வாரம் கொண்டவையே என்பதால், அதற்கு முன் பலன் இல்லை என்று தீர்ப்பு எழுத வேண்டாம்.

5. குறிப்பேடு

நாற்பது பக்க நோட்டு ஒன்றில் நாள்தோறும் ஒரு வரி: தேதி, எத்தனை நிமிடம், முந்தைய இரவு எத்தனை மணி நேரத் தூக்கம், பதற்றம் பத்துக்கு எவ்வளவு. தியானத்தில் என்ன தோன்றியது என்று எழுத வேண்டாம். அது கதை எழுதுவதில் போய் முடியும். நான்காம் வாரமும் எட்டாம் வாரமும் பிஹெச்க்யூ-9 படிவத்தை மறுபடி நிரப்பி, நோட்டோடு மருத்துவரிடம் காட்டுங்கள். ‘பரவாயில்லை டாக்டர்’ என்ற பதிலைவிட அந்த ஒற்றை வரிகள் அவருக்கு அதிகம் சொல்லும்.

6. ஆசிரியரைத் தேடும்போது

தனியாகப் பழகி ஓரளவு கைவந்தபின் வகுப்புக்குப் போனால், எதைக் கேட்க வேண்டும் என்று உங்களுக்கே தெரிந்திருக்கும். ஹார்ட்ஃபுல்னெஸ் அமைப்பு தியானப் பயிற்சிக்குக் கட்டணம் வாங்குவதில்லை. இதயத்தில் கவனம் வைப்பது அவர்கள் முறை. பிரம்மா குமாரிகளின் அறிமுக வகுப்பும் இலவசம். அவர்கள் கண்ணைத் திறந்து வைத்தே தியானிப்பதால், கண் மூடினால் படபடக்கிறது என்பவர்களுக்கு அது எளிதாக இருக்கலாம். வேதாத்திரி மகரிஷியின் மனவளக்கலை மன்றங்களில் எளிய உடற்பயிற்சியும் சேர்த்துக் கற்றுத்தருகிறார்கள். அமைதியாகப் போய் உட்கார மட்டும் இடம் வேண்டும் என்றால் திருவண்ணாமலை இரமணாச்சிரமத்தின் தியான மண்டபம் இருக்கிறது. பேருந்தில் ஏறத்தாழ இரண்டு மணி நேரம். அங்கே வகுப்பு எதுவும் நடத்துவதில்லை. பௌர்ணமியை ஒட்டிப் போகாதீர்கள், கிரிவலக் கூட்டத்தில் பேருந்தில் இடம் கிடைப்பதே அரிது.

பணம் கட்டும் முன் இவற்றை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்: வரியோடு சேர்த்து மொத்தக் கட்டணம், வராவிட்டால் திரும்பக் கிடைக்குமா, இதற்கு அடுத்த நிலை வகுப்பு என்று ஒன்று உண்டா, உண்டென்றால் அதற்கு எவ்வளவு. முன்பணத்தைத் தனிநபர் எண்ணுக்கு அனுப்பச் சொல்லி, இரசீது கேட்டபோது ‘நம்பிக்கை இல்லாதவருக்குத் தியானம் வராது’ என்று பதில் சொன்ன ஒரு முகாமை நானே பார்த்தேன். அந்தப் பணம் திரும்பவில்லை. இரசீது கேட்டால் முகம் மாறும் இடத்துக்கு மறுபடி போக வேண்டாம். ‘மாத்திரையை நிறுத்துங்கள்’ என்று சொல்லும் இடத்திலிருந்து அந்த நிமிடமே எழுந்து வந்துவிடுங்கள்.

செயலிகளில் வேறு வகைத் தொல்லை. ஒரு வாரம் இலவசம் என்று ஒப்புதல் கொடுத்தால், வாரம் முடிந்ததும் ஓராண்டுக் கட்டணம் கணக்கிலிருந்து தானாகப் போய்விடும். செயலியைக் கைப்பேசியிலிருந்து நீக்கினால் மட்டும் அது நிற்காது. நீங்கள் பயன்படுத்தும் யுபிஐ செயலியில் ஆட்டோபே பகுதிக்குப் போய் அந்த ஒப்புதலை இரத்து செய்ய வேண்டும். இலவசக் காலம் முடிவதற்கு இரண்டு நாள் முன்னரே செய்துவிடுங்கள்.

7. எப்போது நிறுத்த வேண்டும்

சலிப்பும் கால் மரத்துப்போவதும் தூக்கக் கலக்கமும் எல்லாருக்கும் வரும். அவற்றுக்காக நிறுத்த வேண்டாம். தான் தன் உடலில் இல்லாததுபோல் நாள் முழுவதும் தோன்றுவது, தூக்கமே இல்லாமல் அளவுக்கு மீறிய உற்சாகம் பொங்குவது, பிறர் காதில் விழாத குரல் கேட்பது, பழைய கொடுமையின் காட்சிகள் கட்டுக்கடங்காமல் திரும்ப வருவது, சாகத் தோன்றுவது ஆகியவற்றில் ஒன்று வந்தாலும் பயிற்சியை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போங்கள். ‘இது சுத்திகரிப்பு, பொறுத்துக்கொண்டால் கடந்துபோகும்’ என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். அவசரம் என்றால் 108.

8. முகாம், கடைசியாக

எட்டு வாரத்துக்கு மேல் வீட்டில் விடாமல் பழகி, மருத்துவரும் சரி என்றால் மட்டும் தங்கிப் பயிலும் முகாமை யோசியுங்கள். நமக்கு அருகில் நன்கு அறியப்பட்டது, சென்னையை அடுத்த திருமுடிவாக்கத்தில் உள்ள தம்ம சேது விபாசனா மையம். பயிற்சிக்கும் உணவுக்கும் தங்குவதற்கும் கட்டணம் இல்லை. முன்பு பயின்றவர்களின் நன்கொடையில் நடக்கிறது. பத்து நாள் பயிற்சி என்றாலும் முந்தைய நாள் மதியமே போய்ச் சேர்ந்து, பதினோராம் நாள் காலைதான் கிளம்ப முடியும்; ஆகவே பன்னிரண்டு நாள் விடுப்புக்கு எழுதிக்கொடுங்கள். காலை நான்கு மணிக்கு எழுப்புவார்கள், நாளொன்றுக்குப் பத்து மணி நேரம் அளவுக்கு உட்கார வேண்டும், பத்தாம் நாள் காலை வரை பேச்சு கிடையாது, கைப்பேசியை ஒப்படைத்துவிட வேண்டும். புதியவர்களுக்கு மாலையில் தேநீரும் பழமும் உண்டு, இரவு உணவு இல்லை. வீட்டில் பத்து நிமிடம்கூட உட்காராதவர் நேரே இங்கே போனால் என்ன ஆகும் என்பதை நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

விண்ணப்பம் இணையத்தில் போட வேண்டும். இடங்கள் விரைவில் நிரம்பிவிடுவதால் தேதிகள் திறந்தவுடனே போடுங்கள். இடம் கிடைத்ததாக மின்னஞ்சல் வந்தபின், வருவதை உறுதிசெய்து பதில் அனுப்பச் சொன்னால் தவறாமல் அனுப்புங்கள், இல்லாவிட்டால் இடம் வேறொருவருக்குப் போய்விடும். மனநலச் சிகிச்சை, மாத்திரை பற்றிய கேள்விகள் படிவத்தில் உண்டு, மறைக்காமல் எழுதுங்கள். அதனால் மறுக்கப்பட்டாலும் அது உங்களுக்கு நல்லதுதான். மருத்துவரின் கடிதம் கேட்கப்படலாம் என்பதால், எட்டாம் வாரம் நோட்டைக் காட்டப் போகும்போதே அதை வாங்கிவிடுங்கள். மாத்திரையைப் பன்னிரண்டு நாளுக்கு என்று எண்ணி வாங்காமல் சில நாளுக்குக் கூடுதலாகவே வாங்கி, மருந்துச் சீட்டின் நகலோடு எடுத்துப் போய், முதல் நாளே ஆசிரியரிடம் சொல்லிவிடுங்கள்.